ஆறு கோப்பை நீலம்

உலகத்திலேயே தொலைபேசிக் கம்பத்தைக் கண்டால் கைகூப்பிய ஒரே மனிதர் எங்கள் கண்ணாடி பிட்டர்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. எழுபதுகளின் கடைசியில் பழைய கம்பங்களைச் சாய்த்தபோது, உச்சியில் கம்பியைத் தாங்கியிருந்த கண்ணாடிக் குமிழ்களைச் சேர்க்க ஆரம்பித்தார். கவிழ்த்த கிண்ணம் மாதிரி, மொட்டைத் தலையோடு இருக்கும். யார் பொறுக்கி வந்தாலும் வெயிலில் தூக்கிப் பிடித்து மதிப்புச் சொல்வார். பச்சைக்கு ஒரு கோப்பை, வெள்ளைக்கு இரண்டு, நீலத்துக்கு ஆறு. கோப்பை என்றால் அவர் வீட்டுத் தேநீர்க் கோப்பை! அடுப்படியிலிருந்து எடுத்து அங்கேயே கொடுத்துவிடுவார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லார் வீட்டிலும் அவர் கோப்பை இருந்தது, அவர் வீட்டைத் தவிர.

இந்த லட்சணத்தில் அவர் மகளைப் பெண் பார்க்கப் போனவன் நான்.

பெண் பிடிக்கவில்லை என்று எங்கள் குடும்பத்தில் வாயால் சொல்வதில்லை. பெரியப்பா தேநீரைத் தொடாமல் பாயில் வைத்துவிடுவார். குடித்தால் சம்மதம். அப்படி நாலு வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்; ஊருக்கே அது தெரியும். எனக்கோ, ரிங்லெட் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமையே எங்களைக் கிளப்பிவிட்டார் பெரியப்பா. அக்கம்பக்கத்தார் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். வீடுகளெல்லாம் பூட்டு.

“ஒரு கோப்பை இல்லலா! எதுல ஊத்துவேன்?” அடுப்படியில் பிட்டரின் மனைவி அழுதார்.

“அழாத. நம்மகிட்ட இல்லாததா?” என்றார் பிட்டர்.

சாம்பல் போட்டுத் தேய்த்த நாலு குமிழ்கள் தலைகீழாக வந்தன, நிறையத் தேநீரோடு.

பெரியப்பா முகத்தைச் சுளித்துக் கீழே வைக்கப் போனார். மொட்டைத் தலை எப்படி நிற்கும்? சாய்ந்தது. பதறிப் பிடித்துக்கொண்டார்.

“பாத்துண்ணே! உங்க கையில இருக்கிறது நீலம். ஆறு கோப்பை!”

“அப்ப நீயே வாங்கிக்கலா!”

“தே தண்ணியோடயா? குடிச்சிட்டுக் குடுங்க.”

சூடு. வலக்கையிலிருந்து இடக்கை, இடக்கையிலிருந்து வலக்கை. மடியிலோ வெள்ளை வேட்டி. கதவோரம் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் முந்திக்கொண்டு என் பங்கை ஒரே மடக்கில் விழுங்கினேன். நாக்கு வெந்தது. வேறு வழியில்லாமல் பெரியப்பாவும் குடித்தார்.

“சம்மதம்!” என்று கூவிய பிட்டர், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. நீலத்தை வாங்கி, விரிசல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

பிட்டர் மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவர் கையால் ஊற்றித் தருவாரென்றால், இன்னொரு முறை நாக்கைச் சுட்டுக்கொள்ள நான் தயார்.