பூபதி கட்லாவோடு பொருத படலம்

வாழ்க பூபதி! மயிலாடுதுறையில் பிறந்து, ஓசூர் சிப்காட்டில் நாளொன்றுக்கு நானூறு இரும்புத் தண்டுகளைத் தேய்த்து உரமேறிய தோளன். காவிரியில் தான் பிடித்த வாளையின் நீளத்தைக் கேன்டீனில் மாதம் ஒரு சாண் வளர்த்த சொல்வேந்தன். அவன் கெலமங்கலத்துக்கு அப்பால் ஓர் ஏரியில் நிகழ்த்திய மாபெரும் போரைச் சொல்லப் புகுந்தோம். மீன்கொத்தியே, அலகு திறந்து அருள்க.

கூடாரமும் பரிசலுமாக மூவர் படை புறப்படுமுன், உடன் வேலை செய்யும் லாவண்யா, எதற்கும் இருக்கட்டுமே, ஓர் அட்டை முட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டாள். நாயகனின் மீசை சிலிர்த்தது.

"முட்டை வந்துச்சுன்னா நான் வரமாட்டேன். ராத்திரிக்கு மீனு என் பொறுப்பு."

ஆகவே அரிசியும் மசாலாவும் மட்டுமே சென்றன. மூன்று வயிறுகளும் மூன்றாண்டுக் காவிரிப் பெருமையும் ஒரே தூண்டில் நரம்பில் தொங்கின.

துடுப்பேந்தியவன் சென்னகிருஷ்ணன், உள்ளூர்க்காரன், வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் கம்பெனியில் தமிழும் பேசும் மும்மொழிச் சாரதி. முன்னே செல்லென்றால் தன்னைத்தானே சுற்றும் அந்த வட்டத் தேரை அவன் ஏரி நடுவே நிறுத்த, பூபதி ராகி மாவுருண்டையை முள்ளில் கோத்து வீசினான். இரண்டு மணி நேரம் ஏரி அவனை மதிக்கவில்லை. கரையில் லாவண்யா மசாலா குழைத்து, அடுப்பு மூட்டி, உலையும் வைத்துவிட்டாள்.

அப்போது தக்கை அமிழ்ந்தது. மதங்கொண்ட களிறு சங்கிலியை இழுத்தாற்போல் ஒரு கட்லா நரம்பை இழுக்க, கழி வில்லாய் வளைய, பரிசல் பம்பரமாய்ச் சுழல, பல் கடித்து, குலதெய்வங்கள் அனைத்தையும் பெயர் சொல்லி அழைத்துப் பொருதான் பூபதி. மீனோ, இடப்பக்கம் மூழ்கிக் கிடந்த கருவேலமரத்தை நோக்கிப் பாய்ந்தது. முள்ளுக்குள் புகுந்தால் நரம்பு மிஞ்சாது. அதைக் கண்ட சாரதியின் நாவிலிருந்து கம்பெனித் தமிழ் முழுதும் வடிந்து, தாய்மொழி ஒன்றே எஞ்சியது.

"குடி, குடி, குடி."

பூபதியின் நெஞ்சு நெகிழ்ந்தது. அம்பு மழைக்கிடையிலும் தன் வறண்ட உதட்டைக் கவனிக்கும் இப்படியொரு நண்பன் வேறு எந்த வீரனுக்கு வாய்த்தான்? நன்றி ததும்ப, கழியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் தண்ணீர் பாட்டிலை உயர்த்திப் பருகினான். மூன்றாம் மடக்கு தொண்டையில் இறங்குகையில் நரம்பு அறுந்தது.

"இப்ப எதுக்குடா தண்ணி குடிச்ச?"

"நீதானேடா குடி குடின்னு கத்துன?"

சென்னகிருஷ்ணன் துடுப்பை மடியில் கிடத்தினான். "குடின்னா தெலுங்குல சோத்தாங்கைப் பக்கம்டா மச்சான். கழிய அந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னேன்."

நீர்ப்பரப்பின் மேல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கரை சேர்ந்தது. தோற்ற வேந்தனை ஏந்திய தேர், ஒரு முறைக்குப் பத்து முறை சுற்றி, அவன் முகத்தை எட்டுத் திக்குக்கும் காட்டியபடி மெல்லத் திரும்பிற்று. தப்பியது பதினைந்து கிலோவுக்குக் குறையாது என்று அவன் விண்ணதிர அறிவித்தான். லாவண்யா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சோறு வெந்துருச்சுங்ணா. தொட்டுக்க என்ன?"

சென்னகிருஷ்ணன் பக்கத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் ஊறுகாய் வாங்கிவந்தான்.