நான்கடிக்கு மூன்றடி

பதாகை சுவரைவிட இரண்டடி நீளமாக இருந்தது.

‘பெண் ஓவியர்களைப் போற்றுவோம்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே கல்லூரிச் செயலர், பொருளாளர், முதல்வர் ஆகிய மூன்று ஆண்களும் கைகூப்பிச் சிரித்தார்கள். போற்றப்படவிருந்த ஓவியர் தேவகி வலது மூலையில் தபால்தலை அளவில் இருந்தார்.

“கலைப்பிரியா, அந்தப் படத்த எறக்கிடுங்க. பேனருக்கு எடம் பத்தல,” என்றார் முதல்வர் சகாயராஜ்.

அந்தப் படம் கலைப்பிரியா கேன்வாஸில் வரைந்தது. திண்டிவனத்துக்கும் கிளியனூருக்கும் இடையிலிருந்த அந்த மகளிர் கல்லூரியில் அவள் தற்காலிக ஓவிய ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வர் கையெழுத்திட்டால்தான் அவளுக்கு வேலை உண்டு. சென்னையிலிருந்து வரும் தேவகி ஒரு மாதம் கல்லூரியில் தங்கி ஓவியம் வரைவதாக ஏற்பாடு. அன்று தொடக்க விழா. அரங்கில் கலைப்பிரியாவின் படம் ஒன்றும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அவளுடைய மூன்றாவது மனுவுக்குப் பிறகு, முதல்வர் இசைந்திருந்தார். முந்தின நாளே அதை மாட்டி, அரங்கைப் போட்டோ எடுத்துத் தேவகிக்கும் அனுப்பிவிட்டாள்.

முறத்தை மடியில் வைத்து, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருக்கும் அவளுடைய அம்மா கிருஷ்ணவேணிதான் படத்தில் இருந்தாள். எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் கரைந்திருந்தன.

“மல்லாட்டை ஒடைக்க ஆளு வெப்பாங்க, பாத்திருக்கேன். ஒடைக்கறத பாக்கறதுக்குன்னு ஒரு ஆளாடி!” என்று அலுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், முடிந்த படத்தைப் பார்க்க மறுத்துவிட்டாள். “காலேஜு சுவத்துல மாட்டு. நாலு பேரு பாக்கறப்ப நானும் வந்து பாக்கறேன்.”

இப்போது அவள் கிளியனூரில் பேருந்து ஏறியிருந்தாள்.

கலைப்பிரியா படத்தை இறக்கி மேடையின் இடப்பக்கம் சாய்த்தாள். அது குத்துவிளக்குக்கு உரிய இடம் என்று தெரிவிக்கப்பட்டது.

“எண்ணெ தெறிச்சா அப்பறம் என்னைக் கொற சொல்லக் கூடாது,” என்றார் முதல்வர்.

அவள் அதைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே விருந்தினர்களுக்குப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. நாற்காலி தேடிப் போய்த் திரும்புவதற்குள், சமையல்காரி சின்னபொண்ணு படத்தை அடுப்புக்குக் காற்று மறைப்பாக நிறுத்தியிருந்தாள்.

“ஐயோ அக்கா, படத்த எடுங்க!”

“இருக்கட்டும் மேடம், காத்துக்கு நல்லா தடுப்பா இருக்குது. ஆரு இது? பாத்தாலே என்னத்துக்கோ நம்மள திட்டப் போறாப்பல இருக்குது.”

எட்டு மாத உழைப்புக்குக் கிடைத்த முதல் மதிப்புரை அது. துல்லியமானதும்கூட. கலைப்பிரியா அடிச்சட்டத்தில் படிந்த கரியைத் துடைத்துவிட்டு, கல்லூரியிலேயே பாதுகாப்பான இடம் அலுவலக அறைதான் என்று முடிவு செய்தாள்.

அந்த முடிவுதான் தவறாகிவிட்டது. அலுவலக அறையில் முதல்வர், எழுத்தர் முருகையனை உலுக்கிக்கொண்டிருந்தார்.

“கேன்வாஸ் ஏன்யா வரல?”

“மூணு கடை கொட்டேஷன் வேணும் சார். திண்டிவனத்துல விக்கிறது ஒரே கடை. கடைக்காரரே மூணு லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தாரு. மூணும் ஒரே கையெழுத்தா இருக்குதுன்னு திருப்பிட்டாங்க.”

“பதினொன்னரைக்கு செயலர் வர்றாரு. தேவகி மேடம் மேடையில மொத கோடு போடணும். எதுல போடுவாங்க, என் முதுகுலயா?”

கதவு திறந்தது. நான்கடிக்கு மூன்றடி உள்ளே வந்தது.

முதல்வர் அப்போதுதான் அந்தப் படத்தை முதன்முறையாக நின்று பார்த்தார். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் பார்த்தார்.

“அளவு கரெக்டா இருக்குதே.”

“சார், இது என் படம்.”

“இல்லன்னு ஆரு சொன்னா? வெள்ள அடிச்சா புதுசு. ஜல்தியா காஞ்சிடுமில்ல?”

“வேணும்னா பின்பக்கம் வரையச் சொல்லலாம் சார்.”

“பின்னாடி கட்டை தெரியுது. வந்தவங்க என்ன நெனைப்பாங்க? உங்க போன்ல இதுக்குப் போட்டோ இருக்குமில்ல, அது போதும்.”

“எங்கம்மா பாக்கறதுக்குன்னே வந்துக்கினு இருக்காங்க சார்.”

“வரட்டும். முன்வரிசையிலயே ஒக்கார வைப்போம்.” அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மேசைமேலிருந்த கோப்பொன்றைத் திறந்து மூடினார். “ஜூன்ல உங்க ஆர்டர் வேற வருது, இல்ல?”

அந்த வேலையை வேறொருவர் கையில் கொடுக்கக் கலைப்பிரியாவுக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே தூரிகையை எடுத்தாள். முறம் போயிற்று. மல்லாட்டை போயிற்று. விரல்களைக் கொஞ்சம் தாமதித்து மறைத்தாள். முகத்துக்கு மட்டும் மூன்று பூச்சு தேவைப்பட்டது. கண்கள் மறைய மறுத்துக்கொண்டே இருந்தன.

பதினொன்றரைக்குச் செயலர் வந்தார். தேவகி வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு, சிறப்பு விருந்தினர் கூட்டேரிப்பட்டுப் போக்குவரத்து நெரிசலில் சிக்கியிருப்பதாக முதல்வர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். சென்னையிலிருந்து வருபவர் கூட்டேரிப்பட்டைக் கடக்க வேண்டியதில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

முதல்வர் வாக்குத் தவறவில்லை. முன்வரிசையில், மடிப்புக் கலையாத புடவையில் கிருஷ்ணவேணி உட்கார்ந்திருந்தாள்.

“எங்கடி நானு?”

கலைப்பிரியா மேடையிலிருந்த சட்டத்தைக் காட்டினாள்.

“ஒண்ணும் தெரியலியே. இரு, கண்ணாடிய தொடச்சிக்கினு பாக்கறேன்.”

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மகளின் நகக்கண்களில் ஒட்டியிருந்த அதே வெள்ளையைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தபோது, அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்:

“எம்பொண்ணு வரஞ்சது. என்னையத்தான் வரஞ்சிருக்குது. ஒரேடியா செவப்பா காட்டிட்டா, அதான் உங்களுக்குத் தெரியல.”

முருகையன் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து கலைப்பிரியாவின் காதருகே குனிந்தார்.

“மேடம், சாருகிட்ட சொல்லப் பயந்துக்கினு நேத்துலேந்து முழுங்கிக்கினு இருக்கேன். தேவகி மேடம் போன் பண்ணிட்டாங்க, வரமாட்டாங்க. ஹாலு எப்பிடி இருக்குதுன்னு நீங்க அனுப்புன போட்டோவ பாத்தாங்களாம். ‘மொறத்தோட அந்த அம்மாவ வரஞ்ச பொண்ணு அங்கயே இருக்கும்போது நான் எதுக்கு? இந்த ஒரு மாசமும் அந்தப் பொண்ணயே ஒக்கார வெச்சி வரையச் சொல்லுங்க, மேடையில அந்தப் படம் ஒண்ணு போதும்’னாங்க.”