மரங்கொத்தியைப் பார்த்த பிறகுதான் மஹர்

அஸ்ரு மலையூர்,
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அப்துல் கனி அவர்களுக்கு, தாமி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மரங்கொத்தியைப் பார்த்தாகிவிட்டது, என் மகள் நுஹைலாவின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நானும் பிள்ளையும் உங்கள் தங்கச்சியும் சுகம், என் கால் இரண்டைத் தவிர. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அல்லாஹ் நல்ல உடம்பையும் நல்ல பசியையும் கொடுக்கட்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் மலை ஏறாமல் விடுதியிலேயே தங்கிவிட்ட உங்கள் தங்கச்சி பக்கத்து அறையில் இருக்கிறாள், அவள் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இதில் உண்டு. அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஸி புஅஸ்ஸா மெக்னெஸில் பல் டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். பறவைப் பைத்தியம் என்பது எனக்கே இங்கே வந்துதான் தெரிந்தது. "மலையில நாலு நாள் நடக்கலாம், நடந்துகிட்டே நாங்க பொண்ணுக்குத் தரவேண்டிய மஹர் பேசிடலாம்" என்று கூப்பிட்டார், நானும் நம்பி ஃபெஸ் ஊர்க் கடையைப் பூட்டிவிட்டு, கடைக்குப் போடும் அதே வழுக்கல் செருப்போடு வந்து சேர்ந்தேன். முதல் நாள் காலை பேச்சை எடுத்தேன். கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல பச்சை மரங்கொத்தி, ஸி தாமி. நம்ம மலைய விட்டா இது வேற எங்கயும் கெடையாது. அதப் பாக்காம எனக்கு வேற பேச்சு ஓடாது." அங்கே மண்டபத்துக்கு முன்பணம் கட்டட்டுமா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், இங்கே சம்பந்தி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் என்ன செய்ய?

நடந்தோம். அவரும் நுஹைலாவும் முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். ஒரு மரத்து ஓட்டைக்குள் நான் குனிந்து பார்க்கும்போது ஒரு குரங்கு வந்து என் கையிலிருந்த ரொட்டியை, கொடுத்து வைத்ததை வாங்கிப்போவது மாதிரி வாங்கிப்போனது. நான் தேவதாரு வியாபாரி, மச்சான்; மரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஊன்றுகோலால் மூன்று தட்டு, காதை வைத்துக் கேட்பேன், உள்ளே கெட்டியா பொத்தலா என்று தெரிந்ததும் இன்னும் மூன்று தட்டு. வாங்குகிற மரமா விற்கிற மரமா என்றெல்லாம் இல்லை, பழக்கம். மேலே சம்பந்தி சடக்கென்று நிற்பார். "கேட்டீங்களா? கீழ, பள்ளத்துல!" என்று என்னைத் தாண்டி இறங்குவார். நானும் திரும்பி இறங்குவேன். கீழே ஒன்றும் இருக்காது. மறுபடி ஏற்றம், மறுபடி நான் பின்னால், மறுபடி அவர் நின்று, "இப்ப இன்னும் கிட்டக்க!" இப்படி ஒரே சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கினோம். அடுத்த நாளும் அதே சரிவுதான். பறவைக்கு என் மேல் ஏதோ விரோதம், நான் இருக்கிற பக்கமாகவே சத்தம் போட்டுவிட்டு மறைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நுஹைலா மெல்லப் பின்தங்கி என் பக்கத்தில் வந்தாள்.

"வாப்பா, அந்தக் கோலக் கொஞ்சம் கீழ போடுங்க."

"ஏம்மா?"

"நீங்கதான் அந்த மரங்கொத்தி."

சம்பந்தியிடம் உண்மையைச் சொன்னால், மகள் முன்னால் அந்த மனிதருக்கு எவ்வளவு அவமானம். அந்த வீட்டில்தானே இவள் வாழப்போகிறாள்? சொல்லாவிட்டால் நான் சாகும்வரை ஏறி இறங்கவேண்டும். வாயையும் கையையும் கட்டிக்கொண்டேன். உடனே காட்டில் சத்தம் நின்றது, சம்பந்தியின் முகமும் வாடியது. மூன்றாம் நாள் மதியம் அவித்த முட்டையை உரித்தபடி சொன்னார்: "இந்த வருஷம் கொடுப்பினை இல்ல போல. நாளைக்குக் கெளம்பிடலாம். மத்தப் பேச்செல்லாம் அடுத்த வசந்தத்துல பாத்துக்கலாமே." நுஹைலா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வருஷம், மச்சான்! அதற்குள் அந்தப் பையனுக்கு எத்தனை பேர் பெண் காட்டுவார்கள்?

கை அலம்பிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். நாலு பேர் கை கோத்தாலும் கட்டமுடியாத ஒரு கிழட்டுத் தேவதாருவுக்குப் பின்னால் ஒளிந்து, வேண்டுமென்றே, மடமடவென்று தட்டினேன்.

மரம் பதில் சொன்னது.

என் ஒரு கை பட்டையில் இருந்தது. அந்த அதிர்வு மரத்துக்குள்ளிருந்து வந்து உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை போனது. முப்பது வருஷமாக மரத்தைத் தட்டுகிறேன், ஒரு மரமாவது எனக்குத் திருப்பித் தட்டியதில்லை. அப்புறம் நிஜ மரங்கொத்தியே பட்டையைப் பற்றிக்கொண்டு தத்தித் தத்தி என் பக்கம் சுற்றி வந்தது. கை நீட்டினால் தொடும் தூரம். புதினாப் பச்சை உடம்பு, உச்சியில் நம்ம ஊர்த் தொப்பிச் சிவப்பு. எதிரில் புதுசாகக் கடை போட்டவனைப் பார்ப்பது மாதிரித் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதன் தலைக்கு மேலே ஒரு துளை, நம்ம ஊர் மரப்பெட்டி செய்கிறவர்கள் கவராயம் வைத்துக் கடைந்தாலும் அவ்வளவு வட்டம் வராது. என் காலடியில் புதுத் தூள் கிடந்தது, அந்த வாசனை என் கடை வாசனைதான். அந்த மரத்தைத் தட்டியதும் எனக்குத் தெரிந்திருந்தது, உள்ளே பொத்தல். சும்மா கொடுத்தாலும் எடுக்கமாட்டேன். அந்தப் பறவையோ இந்த மலையில் இருக்கிற மரத்தையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வீடு கட்டியிருக்கிறது. இத்தனை காலம் நான் எத்தனை வீட்டைக் கழிவு என்று தள்ளியிருக்கிறேனோ! பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தது, மச்சான், காடே சிரித்த மாதிரி, பறந்து போய்விட்டது.

திரும்பினால் சம்பந்தி தரையில் உட்கார்ந்திருக்கிறார், தொப்பி மடியில், கன்னமெல்லாம் ஈரம். "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். நானும் சொன்னேன், வாய் வார்த்தையாக இல்லை.

ஆனாலும் நான் வியாபாரி. இறங்கும் வழியிலேயே, அவர் மனசு இளகியிருக்கும்போதே, முப்பதாயிரம் என்று கேட்க வந்த மஹரை நாற்பதாயிரம் என்றேன். மறுபேச்சு இல்லை! என் கோல் சங்கதி நுஹைலாவுக்கும் இப்போது உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். சம்பந்திக்குச் சாகும்வரை தெரியவேண்டாம். உங்கள் தங்கச்சிக்குத் தெரிந்தால் ஃபெஸ் முழுக்கத் தெரிந்த மாதிரி. பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கடை வாசலில் பரக்கத் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
தாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தி தேநீரோடு வந்தார். "எந்தப் பறவையும் மூணு தட்டுத் தட்டி, காது வச்சுக் கேட்டுட்டு, மறுபடி மூணு தட்டாது, ஸி தாமி. நானும் பல்லத் தட்டிப் பாக்குறவன்தான்" என்றார். முதல் நாளே தெரியுமாம். கூடு அந்தச் சரிவில்தான் என்று மோப்பம் பிடித்து, பறவை போட்டிக்கு வரட்டும் என்று என்னைத் தட்டவிட்டு அங்கேயே ஏற்றி இறக்கினாராம். நான் நிறுத்திக்கொண்டதும்தான் அந்த அடுத்த வசந்தப் பேச்சு, என்னை மறுபடி தட்டவைக்க. மஹருக்கு அறுபதாயிரம் எடுத்து வைத்திருந்தாராம், நான் நாற்பது கேட்டதும் பேசாமல் இருந்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? கை கொடுத்தாயிற்று. நீங்கள் மண்டபத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். பேசி முடித்தது இது: மஹர் நாற்பதாயிரம் திர்ஹம், பாதி நிக்காஹ் அன்று, பாதி பிறகு, வசந்தம்தோறும் நாலு நாள் நான் வந்து அவருக்கு மரம் தட்டித் தரவேண்டும், சாப்பாடு அவர் செலவு, செருப்பு என் செலவு.