பதினாறு என்கிற நாலு

தாலி கட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கெட்டிமேளம் மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மணப்பெண் குனிந்த தலை குனிந்தபடி. பின்னால் நின்ற அத்தை வாயைத் திறந்தவள் திறந்தபடி.

"கட்டித் தொலையேண்டா!" என்று எவாஞ்சலின் மானிட்டரைப் பார்த்துக் கத்தினாள்.

உள்ளறையில், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்திருந்த புருஷன் ஆல்பின் எழுந்து உட்கார்ந்தான். "யாரை எவா திட்டற?"

"மாப்பிள்ளையை."

மந்தாரக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வெங்கடேஷ், தான் எடுக்கும் கல்யாண வீடியோக்களையெல்லாம் எவாஞ்சலினிடம்தான் கொடுப்பார். குவார்ட்டர்ஸ் முன்னறையில் உட்கார்ந்து, வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பாள். ஆல்பினுக்கு நெய்வேலி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. என்றைக்கு இருக்கும், என்றைக்கு இருக்காது என்று சொல்ல முடியாது. வீடு ஓடுவது இந்தக் கல்யாணங்களில்தான். அதனால்தான் சீட்டு எடுத்த பணத்தைப் போட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். ஆர்ச் கேட் பக்கத்தில் பேனரே வைத்திருந்தார்கள்: '16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு! கல்யாண வீடியோ தண்ணீராய் ஓடும்!'

தண்ணீர் ஓடவில்லை. உறைந்து நின்றது.

கடைக்காரர் செங்குட்டுவனுக்குப் போன் போட்டாள். அவர் குரலில் எப்போதும் சர்க்கரைப் பாகு.

"சூடு சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒரு ஃபேன் வைங்க."

வீட்டில் இருந்தது ஒரே ஸ்டாண்டு ஃபேன். அதைத் தூக்கிவந்து கம்ப்யூட்டருக்கு வைத்தாள். உள்ளறையில் ஆல்பின் வியர்வையில் ஊறி, தூக்கம் கெட்டு, ஷிப்டில் கொட்டாவி விட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான்.

"பொண்டாட்டிய விட்டுட்டுக் கம்ப்யூட்டர் சுகமா காத்து வாங்கறத இந்த ஊர்லயே நான்தான் பாக்கறேன்" என்றான்.

"புருஷனை விட்டுட்டுன்னு சொல்லுங்க."

"ஏதோ ஒண்ணு."

மாப்பிள்ளையின் கை இறங்கவில்லை.

அடுத்து செங்குட்டுவன் நேரிலேயே வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் ஒரு பை. ரொம்ப நேரம் எதையெதையோ தட்டினார். "அப்டேட் பண்ணிட்டேன் சிஸ்டர். பாருங்க, ஸ்க்ரீன்லயே காட்டுது, பதினாறு!" என்று விரலால் தொட்டுக் காண்பித்தார். காட்டத்தான் செய்தது. எவாஞ்சலின் டீ போட்டுக் கொடுத்து வழியனுப்பினாள்.

பிறகுதான் தெரிந்தது. அவர் அப்டேட் செய்ததில் ரிசப்ஷன் காட்சிகள் அடியோடு போயிருந்தன. அதில்தான் யூனியன் தலைவர் வந்து மாலை போட்டது இருந்தது. பெண்ணின் அப்பா அந்த ஒரு மாலைக்காகவே கல்யாணத்தைத் தள்ளிவைத்து நடத்தியவர்.

"தலைவர் வரலைன்னு என் சம்பந்தி சொல்லிக்கினு திரியறான்மா! வந்தாருன்னு நான் எதை வச்சு காட்டறது?" என்று அவர் போனிலேயே அழாத குறை.

எவாஞ்சலின் நேரே கடைக்குப் போய்க் கத்தினாள். செங்குட்டுவன் கோபப்படவே மாட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நாற்காலி போட்டார், கூல் டிரிங்க் வரவழைத்தார். "உங்க மனசு நோகக் கூடாது சிஸ்டர். வேற செட்டே மாத்தித் தரேன்" என்று பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். உள்ளே சிவப்பும் நீலமுமாய் விளக்குகள் சுழன்றன. சுவிட்சைப் போட்டதும் தேர்த் திருவிழா மாதிரி இருந்தது. அடுத்த நொடி அறை இருண்டது. பக்கத்து வீடும் இருண்டது. அதற்கடுத்த வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றது.

அந்த வீட்டுச் சரிதா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற நெய்வேலியில ஒரு வரிசையையே இருட்டாக்கிட்டியேடி! உள்ள என்னத்ததான் வச்சிருக்க?"

"மாப்பிள்ளையை!" என்று பல்லைக் கடித்தாள் எவாஞ்சலின்.

கரண்ட் வந்தபின் போட்டுப் பார்த்தாள். விளக்கு சுழன்றது. மாப்பிள்ளை அப்படியே நின்றார்.

ஒருநாள் வெங்கடேஷ் வந்தார். வாசலிலேயே நின்று சொன்னார்.

"கோச்சுக்காதம்மா. அந்தப் பொண்ணுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. கல்யாண வீடியோவே கைக்கு வரல, வளைகாப்புக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேமரா தூக்கிக்கினு போறது? வேலைய வடலூர்ல வேற ஆளுகிட்ட குடுத்துட்டேன். அவங்கிட்ட கணக்காச் செக் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு. உன் கார்டையும் அவங்கிட்ட காட்டேன்."

காட்டினாள். வடலூர்க்காரன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வெளிய பதினாறுன்னு காட்டற மாதிரி வேலை பண்ணி வச்சிருக்கானுங்க அக்கா. உள்ள நாலுதான்."

எவாஞ்சலினுக்குக் காதோரம் சூடேறியது. கல்யாணங்கள் போயின. சீட்டுப் பணம் போயிற்று. புருஷன் தூக்கம் போயிற்று. இத்தனைக்கும் அந்த ஆளுக்கு டீ வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாள்! கடைக் கவுன்டரில் கார்டை அடித்து வைத்தாள்.

"பேனர்ல பதினாறு. உள்ள நாலு. என்னய்யா இது?"

செங்குட்டுவன் கார்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்தார். "சிஸ்டர், பதினாறு ஜிபிங்கறது மாடலோட பேரு. அளவு இல்ல."

அவள் கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டாள். "கடலூர்ல வந்து சொல்லு இத."

ஆல்பின் தடுத்துப் பார்த்தான். "இந்த டப்பாவுக்குப் போய் கோர்ட்டு கேஸா? விடு எவா."

"டப்பாவுக்கு இல்லீங்க. சிஸ்டர் சிஸ்டர்னு சொல்லிக்கினே ஏமாத்தினான் பாருங்க, அதுக்கு."

கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ்ஸில் போனாள். குள்ளஞ்சாவடி தாண்டும்போதெல்லாம், இன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று உதடு அசைய ஒத்திகை பார்ப்பாள். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்து நகர்ந்து உட்கார்வார்கள்.

செங்குட்டுவனின் வக்கீல் அதே வாதத்தை எழுந்து நின்று சொன்னார். "சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தால் நாடு இருக்க வேண்டுமா ஐயா? அதுபோல பதினாறு ஜிபி என்பது பெயர்."

ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு லிட்டர் பால்னு எழுதி வச்சிட்டுக் கால் லிட்டர் ஊத்துவீங்க. கேட்டா, 'ஒரு லிட்டர்'ங்கறது மாட்டோட பேருன்னு சொல்வீங்களா?"

ஹாலே சிரித்தது. எவாஞ்சலின் சிரிக்கவில்லை. செங்குட்டுவனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

கார்டை ஆய்வுக்கு அனுப்பினார்கள். நாலுதான் என்று அறிக்கை வந்தது. கம்ப்யூட்டர் விலையும், தொழில் கெட்டதற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும் தர வேண்டும் என்று உத்தரவானது. ஆனால் எவாஞ்சலின் மனுவில் இன்னொன்றும் கேட்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் எழுந்தாள்.

"பணம் மட்டும் பத்தாதுங்க ஐயா. எந்த இடத்துல பதினாறுன்னு பேனர் வச்சாரோ அதே இடத்துல, அதே அளவு எழுத்துல, நாலுதான்னு அவர் செலவுலயே பேனர் வைக்கணும். ஊர் பூரா பாக்கணும்."

தவறான விளம்பரத்துக்குத் திருத்த விளம்பரம் வெளியிட வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார் தலைவர். ஒரு மாதத்துக்கு வைக்கச் சொல்லி உத்தரவிட்டார். செங்குட்டுவன் முகத்திலிருந்த சிரிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கழன்று விழுந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பாதி கோபம் ஆறியது.

மீதியை ஆற்றிக்கொள்ள, பேனர் ஏறிய வாரம் ஆல்பினின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஆர்ச் கேட்டுக்குப் போனாள். நின்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்தாள். 'நுகர்வோர் ஆணைய உத்தரவுப்படி அறிவிப்பு. எங்கள் கிராபிக்ஸ் கார்டு 16 ஜிபி அல்ல. 4 ஜிபி மட்டுமே என ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளது.' கீழே கடை பெயர், போன் நம்பர்.

"போதுமா? வூட்டுக்குப் போலாமா?" என்றான் ஆல்பின்.

"கடையை ஒரு தரம் பாத்துட்டுப் போலாங்க. ஈ ஓட்டிக்கினு இருப்பான், அந்தக் கண்கொள்ளாக் காட்சியப் பாக்கணும்."

கடை வாசலில் கூட்டம். ரோட்டில் வண்டிகள் தாறுமாறாய் நின்றன. உள்ளே ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செங்குட்டுவனின் தலையே தெரியவில்லை.

"ஐயோ, ஏமாந்தவங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துட்டாங்க போலிருக்கு" என்றான் ஆல்பின். "அடிச்சிடப் போறாங்க எவா. புள்ளகுட்டிக்காரன்."

அவளுக்கே ஒரு நொடி மனசு இளகிவிட்டது. இறங்கி ஓடினாள். கூட்டத்திலிருந்து சட்டை கசங்கி, வியர்த்து வழிய, ஓர் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்தபடி ஒருவர் பிதுங்கி வெளியே வந்தார்.

"ஐயா, உங்களையும் ஏமாத்திட்டாரா? திருப்பிக் குடுக்க வந்தீங்களா? அடிதடி வேணாங்க, கடலூர்ல ஒரு மனு போட்டீங்கன்னா போதும்."

அவர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பிக் குடுக்கவா? நீ வேறம்மா, மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து இதை வாங்கத்தானே வந்துருக்கேன். மத்த கடையில எல்லாம் கடைக்காரன்தான் வாய்க்கு வந்த நம்பரச் சொல்லிக்கினு இருக்கான். நாலுன்னா நாலு கரெக்டா இருக்குன்னு கோர்ட்டே செக் பண்ணிச் சொன்ன கடை, ஜில்லாவுலயே இது ஒண்ணுதானாமே!"