அரும்பொருளான எலுமிச்சை ஊறுகாய்

“ஒரு ஊறுகாய் ஜாடிக்காக ஊரையே கூட்டுறியே, அது என்ன தங்கத்துல செஞ்சதா?”

கணவர் புவனேஸ்வரனின் புகாரை ஓர் எழுத்தும் பிசகாமல், அவருடைய குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினாள் தேவகி. அவளைக் கேட்காமல் ஜாடியை அரும்பொருள் கண்காட்சிக்குத் தூக்கிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

“தங்கமா இருந்தா அடகுக்கடையில மீட்டுக்கலாம்லா. இது ஆபீஸ்ல மாட்டியிருக்கு.”

வெறும் ஜாடி என்றால் ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பாள். உள்ளே இருந்தது அவள் போட்ட எலுமிச்சை ஊறுகாய். ஞாயிற்றுக்கிழமை மகள் மோகனாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதத்திலும் மசக்கை விடாத அந்தப் பெண்ணின் தொண்டையில் இறங்குவது தயிர்ச்சோறும் அந்த ஊறுகாயும்தான்.

ஆகவே தேவகி தன் ஊரான திகாம் பத்துவிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் போய், அரும்பொருள் ஆபீஸில் அதிகாரி சசிதரன் முன்னால் உட்கார்ந்தாள். சசிதரன் மண்பாண்டக் கலையை வெளிநாட்டில் படித்தவர். வெள்ளைக் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடமாட்டார். ஐம்பதுகளின் இறுதியில் வனையப்பட்ட ஒப்பற்ற கலைப்படைப்பு அது என்றும், ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதே அதன் சிறப்பு என்றும், அதன் விலாவில் பழுப்பாக வழிந்திருப்பது தன்னிச்சையாக ஓடிய மெருகு என்றும் அவர் விளக்கியருளினார்.

“அது நல்லெண்ணெய் தம்பி. மூடி சரியா உக்காராது.”

“அப்படியும் ஒரு கருத்து நிலவுகிறது, ஆண்ட்டி.”

ஜாடி இருக்கட்டும், ஊறுகாயை மட்டும் வழித்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தாள்.

“முடியாது ஆண்ட்டி. உள்ளடக்கத்தோடு எடை பதிவாகிவிட்டது. ஊறுகாயை எடுத்தால் எடை குறையும். எடை குறைந்தால் அது பதிவில் உள்ள பொருளே அல்ல. பதிவில் இல்லாத பொருளை இங்கே வைத்திருக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப திருப்பிக் குடுத்திருங்க.”

“பதிவில் இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் அதிகாரம் இல்லை.”

கான்வென்டில் கன்னியாஸ்திரிகளையே எதிர்த்துப் பேசியவள், மகளின் வளைகாப்பு அழைப்பிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். சசிதரனுக்கே பாவமாகிவிட்டது போலும். இது வெறும் அடுப்படிச் சாமான் என்று செய்தவரே நேரில் வந்து சொன்னால் மேலிடம் பரிசீலிக்கும் என்றார். பதிவில் பிச்சை என்று பெயர் மட்டும் இருந்தது; ஐம்பதுகளில் ஜாடி வனைந்தவர் உயிரோடு இருக்கமாட்டார் என்பது அவருடைய துணிபு.

இதற்குள் திகாம் பத்துவில் விஷயம் பரவிவிட்டது. பெண்கள் பிளாஸ்டிக் டப்பாக்களை ஒளித்துவிட்டுக் கோணல் சட்டிகளைத் தேடி அலைந்தார்கள். கோணல் கிடைக்காதவர்கள் நேரான சட்டிக்கு அடியில் ஐம்பது சென் காசை வைத்துச் சாய்த்தார்கள்.

செய்தவர் பிச்சை, கோலா கெத்திலில் திடமாகவே இருந்தார். அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்தில் மரப்பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் வனைந்து சுட்டவர். காரில் ஏறியதுமே உண்மையைக் கொட்டிவிட்டார்.

“அன்னிக்குக் கள்ளு கொஞ்சம் ஏறிப்போச்சு தாயி. சக்கரமும் சுத்துது, நானும் சுத்துறேன். ஜாடி சாஞ்சிருச்சு. ஒருத்தரும் தொடல. உங்கம்மாதான் பாவம் பாத்து எடுத்துக்கிச்சு.”

இதையே அங்கே சொல்லுங்கள் தாத்தா, ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம் என்று ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனாள்.

அன்று கண்காட்சித் திறப்பு. புவனேஸ்வரன் முன்வரிசையில் புதுச் சட்டையோடு இருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கொளியில், ஜாடி சாய்ந்து நின்றது. கீழே தங்க எழுத்தில் ‘அமரர் பிச்சை’. படம் கிடைக்காததால் வெறும் சட்டத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அமரரே நடந்து வந்துவிட்டதால் அதைக் கழற்றி அவர் கழுத்திலேயே போட்டார்கள்.

“ஐயா, இந்தச் சாய்வைப் பற்றி...” என்று சசிதரன் ஒலிவாங்கியை நீட்டினார்.

பிச்சை கண்ணாடியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“அது சாய்வு இல்ல தம்பி. தோட்டத்துச் சனங்களோட சோகம்.”

கூடம் அதிரக் கைதட்டல். புவனேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வழிந்திருப்பது?”

“கண்ணீரு.”

“ஊறுகாய்னு சொல்லுங்க தாத்தா,” என்று தேவகி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

“உள்ள இருக்கிறத வெளிய எடுக்கக் கூடாது,” என்றார் பிச்சை, கூட்டத்தைப் பார்த்து. “எடுத்தா அர்த்தம் போயிரும்.”

பத்திரிகைக்குப் படம் எடுக்க எல்லாரும் ஜாடியைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். ஜாடியைப் பாதுகாத்த குடும்பம் என்று தேவகியையும் நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். அவளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நாலு பேர் பார்க்கிற படமாயிற்றே. கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தபடி, பக்கத்தில் நின்ற சசிதரனிடம் உதடு அசையாமல் கேட்டாள்:

“தம்பி, புள்ளைக்கு ரெண்டு கரண்டி மட்டும் எடுத்துக்கிறேன், அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தூக்குறீங்களா?”