பன்னிரண்டு கட்டைக்குப் பன்னிரண்டு பொட்டு

தனியாக இருக்கிற ஆண்பிள்ளைக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று சமையல், இன்னொன்று சாலிடரிங் அயர்ன். முதலாவதில் தப்பித்துவிட்டேன் (பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மெஸ் இருந்தது). இரண்டாவதில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. திருத்தணியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். விடிவதற்குள் ரயிலைப் பிடித்து, அம்பத்தூரில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலைக்குப் போய்விட்டு, இருட்டியதும் திரும்புவேன். கூட்டாளிகளுக்கெல்லாம் கல்யாணமாகி, வாட்ஸ்அப் குழுவில் குழந்தைகளின் பிறந்தநாள் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஒரு கேக் படம் அனுப்புவேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மெஸ்காரரிடம் "இன்னொரு தோசை" என்று சொன்னதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் படுத்திருக்கிறேன். சிரிக்கத்தான் எழுதுகிறேன், ஆனால் அது நிஜம்.

ரயிலில் போனைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் மாடுலர் சிந்தசைசர் என்ற வஸ்து கண்ணில் பட்டது. ஒரு துண்டு சத்தம் போடும், ஒரு துண்டு அதை மெலிதாக்கும், ஒரு துண்டு அதிர வைக்கும். எல்லாவற்றையும் ஒயரால் கோத்தால் ஒரு வாத்தியம். நம் வேலைதானே என்று ஆரம்பித்துவிட்டேன். வாசிப்பதற்கு ஆர்மோனியத்தில் இருப்பதைப் போலக் கட்டை வேண்டுமே? விலைக்கு வாங்காமல், தொடு கட்டை நானே செய்தேன். ஒரு போர்டில் பன்னிரண்டு செப்புக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் சீப்புப் பல்லைப் போல இரண்டு செப்புக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல் அருகருகே ஓடும். விரல் வைத்தால் விரலின் ஈரம் இரண்டையும் இணைக்கும், சத்தம் வரும். விரலை எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உள்ளங்கை சதா வியர்க்கும். இன்டர்வியூவில் கை கொடுத்தவர்கள் மேஜைக்கு அடியில் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பி டம்ளர் நழுவியிருக்கிறது. அந்த வியர்வைக்கு உலகத்தில் மரியாதை கொடுத்த ஒரே பொருள் இந்தத் தொடு கட்டைதான். காய்ந்த விரலுக்கு முனகும், என் விரலுக்குப் பாடும். நாலு நிமிஷத்துக்கு ஒரு மெட்டுகூடப் போட்டேன். கேட்கத்தான் ஆளில்லை. கீழ்வீட்டு அம்மா மட்டும் ஒருநாள் மேலே வந்து, "தம்பி, மோட்டார் தண்ணியில்லாம ஓடிகினு கீது போல, அணைச்சிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே ஒரு ஆள் அந்த மெட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்டால் போதும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அப்போதுதான் பள்ளிப்பட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அங்கே எட்டுத் தறி ஓடுகிற பவர்லூம் ஷெட் இருக்கிறது.

"டேய் வேலு, ஆயுத பூஜைக்கு வந்துடு. நீ இன்னாவோ பொட்டி செஞ்சிகினு இருந்தியே, அதையும் எடுத்துகினு வா. பூஜைல வெச்சிடலாம்."

பூஜையில் வைக்கலாம் என்றுதான் அக்கா சொன்னாள். கச்சேரி வைக்கலாம் என்று என் காதில் விழுந்தது. வருஷம் முழுக்கத் தடதடக்கிற ஷெட் அன்றைக்கு ஒருநாள்தான் நிற்கும், அன்றைக்கு எல்லாரும் கூடுவார்கள், இதைவிட நல்ல சபை கிடைக்குமா? பாவாவுக்குப் போன் போட்டு, "நாலு நிமிஷம் வாசிக்கிறேன் பாவா, மைக் செட்ல ஒரு ஒயர் மட்டும்" என்றேன். தறிச் சத்தத்துக்கு நடுவிலிருந்து "ஆங், ஆங்" என்றார். (ஷெட்டில் நிற்கும்போது அவர் எல்லாவற்றுக்கும் ஆங் சொல்வார். கடனுக்குப் பாவு நூல் கேட்டாலும் ஆங்தான் என்று பிறகு தெரிந்தது.)

பூஜையன்று காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். தறிகளைத் துடைத்து மாலை போட்டிருந்தார்கள். முன்னால் பலகை போட்டு, தறியில் ஊடு நூல் ஓட்டுகிற நாடா, ஸ்பேனர், கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக இருந்தன. என் பெட்டியையும் அதில் வைத்து, மைக் செட்காரரிடம் ஒயரைக் கொடுத்து, சூடேறட்டும் என்று ஸ்விட்சைப் போட்டேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா பன்னெண்டு வெச்சிருக்கற?"

ஸ்வரம், அரை ஸ்வரம் என்று விளக்கச் சோம்பல்பட்டு, "முருகனுக்குப் பன்னெண்டு கை, அக்கா" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்கு முகம் கழுவப் போனேன். அந்த நாளின் ஏழரை அந்த ஒரு வரியில் ஆரம்பித்தது.

முகத்தில் சோப்பு. ஷெட்டிலிருந்து ஒரு ஸ்வரம் கேட்டது. யாரோ என் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்! சந்தோஷத்தில் கண்ணைத் திறந்து சோப்பு எரிந்தது. இரண்டாவது ஸ்வரம். ஆனால் முதலாவது நிற்கவில்லை. மூன்றாவது. நான்காவது. ஒன்றும் நிற்கவில்லை. ஈர முகத்தோடு ஓடினேன்.

அக்கா கண்கலங்கி நின்றிருந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். ஒவ்வொரு கட்டையின் நட்ட நடுவிலும் ஈரச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "பொட்டு வெச்சதும் முருகன் ஆங்னு சொல்றான்டா!" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டாவது கைக்கும் வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு ஸ்வரமும் ஒன்றாகச் சேர்ந்தால் சங்கீதம் வராது. தெருமுனைவரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அது அலறியது. நெசவு செய்கிற பெரியவர் ஒருவர் எழுந்து போய், நின்றிருந்த எட்டுத் தறியையும் சுற்றிவந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் துண்டால் சந்தனத்தைத் துடைத்தேன். அது பக்கத்துக் கட்டைக்குப் பரவி, இதுவரை இல்லாத ஒரு குரலைக் கண்டுபிடித்தது. ஒயரைப் பிடுங்கலாம் என்று கை நீட்டியபோது மணி அடித்தது. பாவா கற்பூரத் தட்டோடு திரும்பினார்.

"மச்சான்! கை எடு! பூஜைல வெச்சத தொடக் கூடாது!"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆயுத பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. சின்ன வயதில் அந்த ஒரு சட்டத்தைக் காட்டித்தான் பாடப் புத்தகத்தின் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், தொட்டால் மட்டுமே பாடுகிற பெட்டியை, தொடக் கூடாத நாளில் கச்சேரிக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

தீபாராதனை முழுக்க அது அலறியது. எல்லாரும் ஒரு கையால் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு மறுகையால் காதைப் பொத்திக்கொண்டார்கள். முடிந்ததும் மைக் செட்காரர் தன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் பக்கம் வந்தார். "நீங்க எதுவும் சொல்லல, புரோகிராம்னு நெனச்சி சவுண்டு ஏத்தி வெச்சேன் சார்" என்றார். கைகூட கொடுத்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் முனகிக்கொண்டிருந்தது. தொட முடியாமல் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இலை போடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும். அதுகூட வருத்தமில்லை. இத்தனை பேர் கூடியும் என் மெட்டை ஒருத்தரும் கேட்கவில்லை, இனி கேட்கவும் மாட்டார்கள் என்பதை நினைத்தபோது அழுகை வந்தது. முப்பத்து மூன்று வயதுக் கழுதை, தறிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதது.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தனம் காயக் காய ஒவ்வொரு ஸ்வரமாக அடங்கியது. அலறல் போய், நாலைந்து ஸ்வரம் சேர்ந்து கொஞ்சம் கேட்கும்படிகூட இருந்தது.

"சாப்புட வர்ல?" பாவா வாசலில் நின்றார்.

"தோ வரேன் பாவா." முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இன்னும் மூணு கத்திகினு இருக்குது போல" என்றார். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "முடியட்டும். சந்தனம் காயட்டும், அப்புறம் சாப்புடலாம்."

ஒன்று நின்றது. நிறைய நேரம் கழித்து இன்னொன்று. கடைசி ஒன்று மெலிந்து மெலிந்து, நின்றதா இல்லையா என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாவா தலையைச் சாய்த்துக் கேட்டு, "இப்ப நின்னுச்சி" என்றார். சாம்பார் ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு வழக்கச் சொல் ஆகிவிட்டது. அக்காவின் குழந்தை அடம்பிடித்து அழுதால், "விடு, சந்தனம் காயட்டும்." அக்கா கோபத்தில் பாத்திரத்தை உருட்டினால், பாவா மெதுவாக, "சந்தனம் காயட்டும்." விசேஷத்துக்கு விசேஷம் புதுச் சொந்தக்காரர்களுக்குக் கதையைச் சொல்லி, என்னை எழுப்பி நிற்கவைத்து அறிமுகப்படுத்துவார்கள்.

இன்றும் மாடி அறையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாவுக்குப் போன் போடுகிறேன். ரயில், மெஸ், மேனேஜர் என்று பேசிக்கொண்டே போவேன். ஒரு கட்டத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது, வைக்கவும் மனம் வராது. பாவா கேட்பார்:

"இன்னா மச்சான், இன்னும் சந்தனம் காயலியா?"

"இல்ல பாவா."

"ஆங். காயட்டும், காயட்டும்" என்பார். போனை வைக்க மாட்டார்.