ஆன்டெனா அண்ணாச்சி பாடிய டைட்டில் பாட்டு

பழைய டி.வி. சீரியல்கள் அத்தனைக்கும் டைட்டில் பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவார். ஆனால் அதில் ஒரு சீரியலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. இந்த தேசத்தில் அப்படி ஒரு மனுஷர் உண்டென்றால் அது எங்கள் ஆன்டெனா அண்ணாச்சிதான். சும்மா அளக்கவில்லை, சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். எந்தப் பாட்டு எந்த சீரியலுடையது என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள். பதினோரு வருஷம் அவரோடு ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போய்வந்ததில் எனக்கும் எல்லாம் கலங்கிப்போய்விட்டது.

அப்போது நாங்கள் டெல்லி சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். மாடியும் கீழுமாக எட்டு வீடு, மொட்டைமாடியில் எட்டு ஆன்டெனா. மொட்டைமாடிக்குப் போகிற இரும்பு ஏணி, திருநெல்வேலிக்காரர் ஒருவர் வீட்டு வாசலை ஒட்டி இருந்தது. அவர் செய்த பாவம் அவ்வளவுதான். ஏணிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற மனுஷர் ஏறாமல் வேறு யார் ஏறுவது என்று ஏழு வீடும் சேர்ந்து தீர்மானித்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் ரெஜிஸ்டரில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஆன்டெனா அண்ணாச்சி.

அந்தக் காலத்து டி.வி.க்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வயலும் உரமும் பற்றி ஒருவர் பேசும்போது படம் கண்ணாடி மாதிரி தெரியும். எட்டரை மணி சீரியல் ஆரம்பித்து டைட்டில் பாட்டு வந்ததும் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொட்டும். மேலே போய்ப் பார்த்தால் ஆன்டெனாவில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ விட்ட பட்டம் மாட்டியிருக்கும். உடனே ஜன்னலைத் திறந்து அண்ணாச்சியைக் கூப்பிடுவோம். அவர் சாப்பிட்ட கையைக்கூட அரைகுறையாகக் கழுவிவிட்டு மேலே ஏறுவார்.

மேலேயிருந்து "தெரியுதாவே?" என்று குரல் வரும். கீழேயிருந்து நாங்கள் நிலவரம் சொல்வோம். இல்லை, இல்லை, லேசா வருது, அப்படியே பிடிங்க, ஐயோ போயிடுச்சு. இப்படியே ஒரு பக்கம் பாட்டு ஓடும், ஒரு பக்கம் இவர் கம்பியைத் திருப்புவார். பாட்டு முடியவும் படம் தெளியவும் சரியாக இருக்கும். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீரியலில் உட்கார்ந்துவிடுவோம். அண்ணாச்சி ஏணியில் கால் வைக்கும்போது அடுத்த வீட்டு ஜன்னல் திறக்கும். எட்டு ஆன்டெனாவையும் ஒழுங்குபண்ணி அவர் கீழே இறங்கும்போது செய்தி வாசிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பாதி நாள் சாயங்கால ஷிப்ட். அதனால் குழந்தை மீனாவும் அப்பாவோடு மொட்டைமாடிக்கு வந்துவிடும். தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பாய் விரித்து அவளை உட்காரவைத்துவிட்டு, ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே கீழே கேட்கிற பாட்டை அவரும் கூடப் பாடுவார். அவள் கைதட்டுவாள்.

மறுநாள் காலை லோதி ரோடு ஆபீசுக்குப் போகும் சார்ட்டர்டு பஸ்ஸில் முந்தின நாள் சீரியலைப் பற்றித்தான் பேச்சு. அண்ணாச்சி சும்மா இருப்பாரா? கதை தெரியாது, பாட்டு தெரியும். பாட்டை வைத்து அவரே ஒரு கதை பண்ணிக்கொள்வார். ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்றின் கதை அப்போது வந்துகொண்டிருந்தது. அதன் டைட்டிலில் ஒரு அம்மாள் இழுத்து இழுத்துப் பாடுவாள். அது கப்பல் கவிழ்ந்த கதை என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். முதல் வாரமே கதாநாயகன் கடலில் போய்விட்டானாம், வீட்டுக்காரர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாதாம்.

நான் பொறுக்கமாட்டாமல், அந்த சீரியலில் கடலே கிடையாது, எல்லாரும் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன்.

"நீரு படத்தைப் பாத்தீரு, நான் பாட்டைக் கேட்டேன். படத்துல வேஷம் போடலாம். பாட்டுல எப்படிவே போட முடியும்?" என்றார்.

பஸ்ஸில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பின்சீட்டு சர்தார்ஜி ஒருவர் தினமும் ஏறினவுடன் கப்பல் என்ன ஆயிற்று என்று அண்ணாச்சியிடம்தான் விசாரிப்பார். அண்ணாச்சி திருநெல்வேலி ஹிந்தியில் விளக்குவார். துப்பறியும் கதை ஒன்று அவர் வாயில் குதிரைப் பந்தயமானது. புராணக் கதை ஒன்றில் மாமியார் மருமகள் சண்டை புகுந்தது.

இதில் நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் சிநேகிதன் வீட்டில் சீட்டாடிவிட்டு வந்து, அங்கே சீரியல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மனைவியிடம் புளுகிவிட்டேன். அன்றைக்கு என்ன கதை என்று அவள் கேட்டாள். பஸ்ஸில் காதில் விழுந்ததெல்லாம் என் மூளைக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. கதாநாயகன் பிரேதம் கரை ஒதுங்கியது என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்குத்தான் அந்தக் கதாநாயகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மூன்று நாள் என் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

பிறகு கேபிள் வந்தது, டிஷ் தட்டு வந்தது. எட்டு ஆன்டெனாவும் பழைய இரும்புக்காரனிடம் போயின. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். அந்தக் குடியிருப்பையே இப்போது இடித்துவிட்டார்கள். ரிட்டயர் ஆகி நானும் அவரும் துவாரகாவில் பக்கத்துப் பக்கத்து சொசைட்டி அடுக்குமாடிகளில் வந்து சேர்ந்தோம். போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை காப்பி குடிக்கும் நேரத்தில் அண்ணாச்சியிடமிருந்து போன். குரல் சரியில்லை.

மீனாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. நொய்டாவில் டி.வி. கம்பெனியில் வேலை. ஜலந்தர் பையன் ஒருவனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணமான பத்தாம் நாள் இருவரும் கனடா போகிறார்கள். அவள் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. தினமும் காலையில் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பும்போது அப்பா ஒரு பாட்டுப் பாடுவாராம். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் நடந்துவரும்போது பேண்டுக்காரர்கள் அதை வாசிக்கவேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறாள்.

"பொறந்ததுலேருந்து எங்கிட்ட ஒண்ணும் கேக்காத புள்ளவே. ஒத்தப் பாட்டு கேட்டிருக்கா. அது என்ன சீரியலுன்னு எனக்குத் தெரியல. இதைக்கூடக் குடுக்க முடியலன்னா நான் என்னவே அப்பன்?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அவரைப் போனில் பாடச் சொன்னேன். இழுத்து இழுத்துப் பாடினார். நடுநடுவே தொண்டையில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் கருவி ஒன்று என் பேரன் செல்போனில் இருந்தது. அதில் கேட்கவைத்தோம். முதல் தடவை ஒரு போஜ்புரிப் பாட்டு என்றது. இரண்டாம் தடவை ஏதோ ஐரோப்பிய நாட்டு தேசிய கீதம் என்றது. மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமல் அணைந்துவிட்டது. சரி என்று பழைய பஸ் கூட்டத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். ஆறு பேர் ஆறு சீரியல் சொன்னார்கள். ஒருத்தர் இது சீரியலே இல்லை, துணி சோப்பு விளம்பரம் என்றார். சர்தார்ஜி மட்டும், இது கப்பல் கதைதான், சந்தேகமே இல்லை என்று எழுதினார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே வெளியேறினார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது என் மனைவி. அச்சாபீஸ் நடத்தும் மூன்று அண்ணன் தம்பிகளின் கதை ஒன்று வந்ததே, அதன் டைட்டில் இது என்றாள். இணையத்தில் தேடினால் யாரோ புண்ணியவான் ஏற்றிவைத்திருக்கிறான். அண்ணாச்சியிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். இதேதான் என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா இதுல எதோ கூடுதலா இருக்கேவே?"

ரிக்கார்டிங்கில் அப்படித்தான் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். பேண்டு மாஸ்டரிடம் பாட்டை அனுப்பினோம். அவர் கிளாரினெட்டில் வாசித்துக் காட்டியபோது எனக்கே புல்லரித்தது.

கல்யாணம் காலை ஒன்பதரை முகூர்த்தம். மண்டபத்தில் ஒரு பக்கம் இட்லி சாம்பார், ஒரு பக்கம் சோலே பட்டூரா. இரண்டு பக்கத்து ஆட்களும் தட்டோடு நின்று எது எதோடு தொட்டுக்கொள்வது என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள். மீனா வாசலில் வந்து நின்றாள். அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் ஆரம்பித்தார். அவள் முகம் மலர்ந்தது, இரண்டடி வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மாஸ்டர் இன்னும் பலமாக வாசித்தார். பின்னால் வந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். இது மதராஸிகளின் சடங்கு என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பஞ்சாபி அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கை கூப்பினாள். அதைப் பார்த்து எங்கள் ஆட்களும் கூப்பினார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மேடையிலிருந்து குருக்கள் நேரமாகிறது என்று சைகை காட்டினார்.

"பா, இது அது இல்ல" என்றாள் மீனா.

இதுதாம்மா, மாமாதான் தேடி எடுத்தார் என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

"அச்சா, அது மாதிரிதான் இருக்கு. ஆனா அது இல்லப்பா. நீங்க பாடுறது வேற." அவளுக்குக் கண் தளும்பிவிட்டது.

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசிப்பதை நிறுத்திவிட்டுச் செல்போனை எடுத்து அசல் பாட்டைப் போட்டுக் காட்டினார். ஒரு சுரம் தப்பு இருந்தால் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம், அவள் சொன்னதும் பொய்யாகத் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் இது துணி சோப்பு என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. கூடுதலா இருக்கேவே என்றாரே, அது கூடுதல் இல்லை. அவருக்குக் கிடைக்காமல் போன பகுதி. ஆன்டெனாவைத் திருப்பும்போது கீழே அந்தந்த வீட்டு டி.வி.யில் பாட்டு அறுந்து இரைச்சல் வரும். முதல் தடவை அவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே, அந்த இரைச்சலோடு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். போனில் நான் கேட்டது ஜலதோஷம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முப்பது வருஷமாக அதுதான் பாட்டு.

மாஸ்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீங்களே பாடுங்கள் என்றேன். இத்தனை பேர் முன்னாலா என்று அண்ணாச்சி கூசினார். மீனா அவர் முகத்தையே பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் அடி சரியாகத்தான் போனது. இரண்டாம் அடியின் பாதியில் கர்ர்ர் என்று உருட்டினார். உடனே, அதே சுருதியில், "தெரியுதாவே?" என்று ஒரு இழுப்பு.

நான் வேண்டுமென்று செய்யவில்லை, தானாக என் வாயில் வந்துவிட்டது. "போயிடுச்சு அண்ணாச்சி" என்று கத்திவிட்டேன்.

பழைய சரோஜினி நகர்க் கூட்டம் அங்கங்கே சிரித்தது. மீனா அழுதுகொண்டே சிரித்தாள், நடக்க ஆரம்பித்தாள். மேளக்காரருக்குக் கற்பூர புத்தி, அடுத்த கர்ர்ருக்குச் சின்ன மேளத்தில் குச்சியை உருட்டினார். மாஸ்டரும் தலையில் அடித்துக்கொண்டு கிளாரினெட்டை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் கர்ர்ர் வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். மணமேடைக்கு நாலடி இருக்கும்போது அண்ணாச்சிக்குக் குரல் அடைத்துவிட்டது. பாட்டு அறுந்தது. இதுவும் பாட்டுதான் என்று எல்லாரும் கைதட்டினார்கள். மீனா மட்டும் நின்று, அவர் திரும்ப ஆரம்பிக்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகு நடந்தாள்.

அவளை மேடை ஏற்றிவிட்டு அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குருக்களின் மைக் இரைந்து இரைந்து நின்றது. யாரோ ஒருத்தர் பழக்கதோஷத்தில், அண்ணாச்சி, மைக்கைக் கொஞ்சம் பாருங்களேன் என்றார். அவரும் படியிறங்கி, ஒயரைக் கையில் எடுத்துவிட்டார். பெண்ணின் கல்யாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒயரைத் திருகிக்கொண்டு நிற்கிறார்.

பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட, உள்ளே வந்து உட்கார்ந்து பாருங்கள் அண்ணாச்சி என்று எங்கள் ஏழு வீட்டில் ஒரு வீடு கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அதை நினைத்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒயரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "இதை நான் பிடிச்சுக்கிறேன். நீங்க போய் உக்காருங்க அண்ணாச்சி. முழுசா இருந்து பாருங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் புரியாமல் விழித்தார். பிறகு போய் மனைவிக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்தார். தாலி கட்டி, மாலை மாற்றி, அட்சதை எல்லாம் முடிகிற வரைக்கும் கண்ணைக்கூட அசைக்கவில்லை. ஒயரை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் மைக் பேசியது. எனக்குக் கை மரத்துவிட்டது, நான் விடவில்லை.